தெரிஞ்சோ தெரியாமலோ

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. எழுதினால் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிடும். உடனே இரண்டு சீப்பு பூவன் பழத்தோடு வாசலில் வந்து நின்று, "டீச்சர், நீங்க இப்படி எழுதற அளவுக்கு நான் நடந்துக்கிட்டிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று கண் கலங்குவார். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். அந்தப் பழத்தை இன்னொரு முறை என்னால் தின்ன முடியாது.

மன்னிப்புக் கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. வாசலுக்கு நாலடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுவார். வலது கையை நெஞ்சில் வைப்பார். குரலை மெல்ல இறக்கி, "தெரிஞ்சோ தெரியாமலோ..." என்று ஆரம்பிப்பார். 'தெரியாமலோ' என்ற சொல்லுக்கு வரும்போது சரியாகக் கண்ணில் நீர் கட்டும். ஒரு நாளும் முன்னால் கட்டாது, பின்னாலும் கட்டாது. நான் பார்த்த ஏழெட்டு தடவையும் அதே இடத்தில்தான். வீட்டில் நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார். ஆள் இல்லாத வீட்டில் அவர் மன்னிப்புக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வித்தையை அவர் இஸ்ரேலில் இருந்து கொண்டுவந்தார். அங்கே பதினோரு வருஷம், பக்கவாதத்தில் விழுந்த ஒரு யூதப் பெரியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்த்தார். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. அவரும் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பதினோரு வருஷம் வைத்திருக்கமாட்டார்கள். பெரியவர் காலமான பிறகு ஊருக்குத் திரும்பினார்.

திரும்பிய வருஷம் ஆவணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர் முறைக்கு எங்களுக்கு மாமா ஆகவேண்டும். நானும் அண்ணனும் அண்ணியும் கூடத்தில் இருந்தோம். கணவர் போனதிலிருந்து நான் அவர்களோடுதான் இருக்கிறேன். பக்கத்து அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன்.

"மாப்ள, யூதர்களுக்குப் புரட்டாசி வாக்குல வருஷம் பொறக்கும். அதுக்கு முன்னாடி ஒரு மாசம், எலுல்னு பேரு, தினம் காலைல ஆட்டுக்கடாக் கொம்ப எடுத்து ஊதுவாங்க. எதுக்குத் தெரியுமா? தூங்காத, எந்திரி, நீ என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பாருன்னு. சாமிகிட்ட செஞ்ச தப்ப சாமி மன்னிச்சிரும். ஆனா மனுஷன்கிட்ட செஞ்ச தப்ப, அந்த மனுஷன் மன்னிக்காத வரைக்கும் சாமியும் மன்னிக்காது. நேர்ல போய்க் கேட்டாகணும்."

அண்ணன் அசந்துபோனான். நானும்தான். எங்கள் கோயில்களில் நாம் சாமியோடு மட்டும்தான் கணக்குத் தீர்க்கிறோம், பக்கத்து வீட்டுக்காரனிடம் யார் போகிறார்கள் என்று அன்று நினைத்தேன். அப்புறம் அவர் அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொன்னார்.

பெரியவர் ஒரு காலத்தில் அச்சகம் வைத்திருந்தவர். அங்கே வேலை செய்த ஒருவனை, காகிதம் திருடினான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறார். திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்திருக்கிறது. அதற்குள் முப்பது வருஷம். ஒரு எலுல் மாதத்தில் பெரியவர் அவனுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, இவரை விட்டுப் போன் போடச் சொல்லியிருக்கிறார். வாய் கோணிப்போய் பேச்சு குழறுகிற மனிதர். "இன்ன நாள்ல, இன்னார் இன்னார் முன்னாடி, உன்னத் திருடன்னு சொன்னேன். நீ திருடல. நான் விசாரிக்காம சொன்னேன். இப்ப நான் அத எப்படிச் சரி பண்ணட்டும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான். இரண்டாம் நாள் போட்டார்கள். வைத்துவிட்டான். மூன்றாம் நாள், "அன்னைக்கு அங்க இருந்தவங்கள்ல உயிரோட இருக்கறவங்க எல்லாருக்கும் போன் பண்ணி இதையே சொல்லு" என்றானாம். பெரியவர் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். எல்லா எண்ணையும் அழுத்திக் கொடுத்தது இவர் விரல்.

அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான், "மாப்ள, உங்களுக்கும் நான் தெரிஞ்சோ தெரியாமலோ..." என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி மட்டும் அழவில்லை. அவர் போன பிறகு பழத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டே, "அந்தப் பெரியவர் என்ன தப்புன்னு சொல்லித்தான கேட்டாரு? இவரு ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

"இவரு நமக்கு ஒண்ணும் பண்ணலையேடி, என்னத்தச் சொல்வாரு?" என்றான் அண்ணன்.

அப்போது உண்மையிலேயே ஒன்றும் பண்ணியிருக்கவில்லை.

அந்த வருஷம் ஊரே அவரைக் கொண்டாடியது. யாரும் இறங்கிவராத ஊரில் ஒருவர் வீடு வீடாக இறங்கி வருகிறார் என்றால் சும்மாவா? பஞ்சாயத்துக் கூட்டத்தில் முன் வரிசை நாற்காலி. கோயில் கமிட்டியில் இடம். கல்யாண வீடுகளில் மாலை. அவரும் அதற்கேற்றபடி வளர்ந்தார். அவருடைய அண்ணன் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து செத்தவர். இஸ்ரேலில் இருந்து இவர் ஒரு தடவைகூடப் பேசவில்லை என்று அந்த வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். செத்தவரிடமும் மன்னிப்புக் கேட்க யூதர்களிடம் வழி இருக்கிறதாம். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் அவர்கள் முன்னால் கேட்கவேண்டுமாம். எங்களில் கல்லறை ஏது? அண்ணனை எரித்த இடத்துக்கு ஒரு லோடு வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனார். என் அண்ணனும் போயிருந்தான். அங்கே இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்ததாம். அவற்றை விரட்டிவிட்டு, கருவை மரத்தைப் பார்த்து நின்று, நெஞ்சில் கை வைத்து, அதே வாசகத்தைச் சொல்லி அழுதிருக்கிறார். திரும்பும்போது பத்துப் பேருக்கும் புரோட்டா.

"அவங்க அண்ணி இன்னும் அதே தெருவுலதான இருக்கு? ரெண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளுனது அதுதான. அதுகிட்டப் போய்க் கேட்டாரா?" என்று அண்ணி கேட்டாள்.

அந்த அம்மாளிடம் அவர் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாள் பதில் பேசக்கூடியவள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரும் குடித்துவிட்டு மிச்சமாகத்தான் எங்களுக்கு வரும். ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் மட்டும் எல்லா ஊரையும் கடந்து முழுசாக எங்களிடம் வந்து நிற்கும். அதனால் எங்களுக்குப் பாசன வாய்க்காலைவிட வடிகால்தான் உயிர். வடிகால் அடைத்துக்கொண்டால் சம்பாப் பயிர் ஐந்து நாளில் அழுகிவிடும். இது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இஸ்ரேலில் பதினோரு வருஷம் இருந்தவருக்கும் தெரியும். அவர் அப்பா எங்கள் வயலுக்கு மேற்கே பயிர் செய்தவர்தான்.

அவர் ஊர் திரும்பிய அடுத்த சித்திரையில், எங்கள் மூன்று ஏக்கருக்குக் கிழக்கே தாழ்ந்த பக்கம் இருந்த வயலை வாங்கினார். கிராவல் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கி, கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்தார். எங்கள் வடிகால் அந்த வயலின் ஓரமாகப் போய்ப் பெரிய வடிவாய்க்காலில் சேரும். மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமல்லவா? வடிகாலையும் சேர்த்து மேடாக்கி, குறுக்கே சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார். அண்ணன் போய்க் கேட்டபோது, "குழாய் போட்டுத் தரேன் மாப்ள, கவலப்படாத" என்றார்.

அந்த ஆவணியில் வந்தார். தெரிஞ்சோ தெரியாமலோ. அண்ணன், "பரவால்ல மாமா, அந்தக் குழாய மட்டும்..." என்று இழுத்தான். அவர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடித்த ஒருவரிடம் குழாயைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஐப்பசியில் மழை பிடித்தது. நாற்பது நாள் பயிர். மூன்றாம் நாள் மாலை வயல் குளமாகிவிட்டது. அண்ணனும் அண்ணியும் எஞ்சினை வைத்து இறைத்தார்கள். எங்கே இறைப்பது? இறைத்த தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. ஆறாம் நாள் தண்ணீர் தானாக வடிந்தபோது பயிர் பழுப்பாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அழுகிய பயிருக்கு ஒரு வாடை உண்டு, ஊறவைத்த சணல் மாதிரி. அண்ணியின் புடவையில் அந்த வாடை ஒரு வாரம் இருந்தது. அண்ணன் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவரிடம் போய்ச் சொன்னோம். "ஐயையோ" என்றார். "மழை விடட்டும், பாத்துக்கலாம்" என்றார். மழை விட்டது. மண்டபத்துக்குத் தளம் போட்டார்கள். குழாய் வரவில்லை.

அடுத்த ஆவணியில் வந்தாரே, அந்த வருகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பழத்தோடு ஒரு வேட்டி, அண்ணிக்கு ஒரு புடவை. உள்ளே வந்ததும் அண்ணன் காலில் விழப்போனார். முப்பது வயது மூத்தவர். அண்ணன் பதறிப்போய்த் தூக்கினான். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு மாப்ள, இல்லாட்டி எந்திரிக்கமாட்டேன்" என்றார். அண்ணன் சொல்லிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார்கள். நான் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டேன். என் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பில் பாதி அந்தக் காப்பிக்கானது.

அவர் எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு, மண்டபத் திறப்பு விழாப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

அந்தக் கார்த்திகையில் பயிர் இரண்டாம் முறையாக அழுகியது.

இதற்கு நடுவில் எங்கள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் பேச அவரை அழைத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர், ஒழுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லட்டும் என்று தலைமையாசிரியைக்கு ஆசை. நன்றாகத்தான் பேசினார். அதுதான் கொடுமை.

"ஒருத்தரு தப்புப் பண்ணிட்டாரு. பாவம் போகணும்னு தீர்த்தத்துல முழுகப் போறாரு. முழுகறாரு, எந்திரிக்கிறாரு, முழுகறாரு. சுத்தமாகல. ஏன்? கைல செத்த பல்லிய வச்சுக்கிட்டே முழுகறாரு! அதத் தூக்கி எறியாம, உலகத்துல இருக்கற அத்தன தண்ணியிலயும் முழுகினாலும் பிரயோசனம் கிடையாது. யூதப் பெரியவங்க அந்தக் காலத்துலயே சொல்லியிருக்காங்க, பிள்ளைங்களா. தப்ப நிறுத்தணும், வாயால இன்ன தப்புன்னு ஒத்துக்கணும், கெடுத்தத சரி பண்ணணும், திரும்ப அதே சந்தர்ப்பம் வந்தா செய்யாம இருக்கணும். அதுதான் மனசு திரும்பறது."

நான் ஆசிரியர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணனுடைய வயலில் அன்றைக்கும் முழங்கால் தண்ணீர். ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த மனிதனுக்கு. தெரியாதவன் என்று மனத்தின் மூலையில் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தேன், அன்றோடு அது போயிற்று. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "ஐயா, அவரு ஏன் பல்லியக் கீழ போடல?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா மனுஷ மனசு!" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவர் எழுந்த பிறகு வந்த மூன்றாவது ஆவணியில் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அண்ணி எழுந்து போய் நிலைப்படியில் நின்றுகொண்டாள். அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதிகம் பேசமாட்டாள். நடவு, களை, அறுப்பு எல்லாவற்றிலும் ஆட்களோடு ஆளாக இறங்கி நிற்பவள். வயல் அண்ணன் பேரில் இருந்தாலும் பயிர் அவளுடையது.

"தெரிஞ்சோ தெரியாமலோ..."

"மன்னிக்க முடியாதுங்க. போயிட்டு வாங்க."

அவருக்கு இது புதிது. ஒரு நிமிஷம் கை நெஞ்சிலேயே இருந்தது. அப்புறம் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ கைக்குக் கிடைத்துவிட்ட மாதிரிச் சாந்தம்.

ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். இந்த முறை தனியாக வரவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கோயில் கமிட்டித் தலைவர், ரைஸ்மில்காரர் என்று மூன்று பேர். அண்ணி மாட்டேன் என்றாள். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க வேதத்துல என்ன சொல்லியிருக்காம் தெரியுமாம்மா? மூணு பேரக் கூட்டிக்கிட்டு மூணு தடவ போய்க் கேக்கணுமாம். மூணு தடவயும் கேட்டு மன்னிக்கலைன்னா, கேட்டவன் மேல குத்தமில்லையாம். மன்னிக்காதவங்க பேர்லதான் பாவமாம். உங்க அண்ணிக்குச் சொல்லி வையுங்க" என்றார்.

அப்போதுதான் அந்தச் சாந்தம் எனக்கு விளங்கியது. பெரியவரிடம் கற்ற எல்லாவற்றிலும் தனக்கு உபயோகமான ஒரே விதி அவருக்குக் கிடைத்துவிட்டது. அந்த விதியை வைத்தவர்கள், கெடுத்ததைச் சரி செய்துவிட்டு வந்து நிற்பவனுக்காக வைத்தார்கள். அப்படிப்பட்டவனை யாரும் காலமெல்லாம் வாசலில் நிற்கவைக்கக் கூடாது என்று. இவர் சுவரையும் வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு தடவை வந்துவிட்டால் போதும். மூன்று ஏக்கர் பயிரும் அழுகினது அண்ணியின் பாவமாகிவிடும்.

ஊர் பேச ஆரம்பித்தது. குழாயடிக்கு அண்ணி போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "வயசான மனுஷன், எத்தன தடவ வருவாரு? கல்லு மனசு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவர்கள் வயல் எல்லாம் வேறு வடிகாலில் வடிகிறது. அண்ணன்கூட ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொல்லித் தொலைச்சிடேன். ஒரு வார்த்ததான?" என்றான்.

"நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க. தண்ணி வடிஞ்சுதா?" என்றாள் அண்ணி. அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அவளும் அன்று சாப்பிடவில்லை. தனியாக இருந்தபோது என்னிடம், "நான்தான் தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். வீட்டுக்குள் அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். சரியான விடை தெரிந்த ஆளிடம் கேட்பது மாதிரி கேட்டாள். நான் இல்லை என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் முறை, ஆவணிக் கடைசி வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மூன்று பெரியவர்களும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தெருவில் இருபது பேர் இருப்பார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தார்.

அண்ணி முந்திக்கொண்டாள். "மன்னிக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

"ஆனா இங்க வேணாம். வயலுக்கு வாங்க, அங்க வச்சு மன்னிக்கிறேன். பெரியவங்களும் வாங்க."

மறுக்க வழியில்லை. எல்லாரும் நடந்தார்கள். அண்ணி கொல்லைப்புறமாகப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மண்டபத்துச் சுவர் வடிகாலை மறித்து நிற்கிற இடத்தில் நின்றோம். இந்தப் பக்கம் வடிகால் பள்ளமாக வந்து சுவரில் முட்டி முடிகிறது. அந்தப் பக்கம் கார் நிறுத்துகிற சிமென்டுத் தரை. மூன்று பெரியவர்களும் அதுவரை அந்த இடத்தை வந்து பார்த்ததில்லை என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க. எதுக்கு மன்னிக்கணும்?" என்றாள் அண்ணி.

"எல்லாத்துக்கும்தான்மா."

"எல்லாம்னா எது?"

"தெரிஞ்சோ தெரியாமலோ..."

"இந்தச் சுவரு தெரிஞ்சு கட்டினதா, தெரியாம கட்டினதா?"

அவர் மூன்று பேரையும் பார்த்தார். ரைஸ்மில்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். மணி அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணி கடப்பாரையை அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டடி அகலத்துக்கு இடிச்சு விடுங்க போதும். நான் அள்ளிப் போட்டுக்கறேன். இடிச்ச கையோட மன்னிச்சிடறேன்."

கடப்பாரையை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் நான்கூட நம்பினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் கடப்பாரையைப் பக்குவமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். "இன்னைக்கு அஷ்டமியா இருக்கும்மா. இடிக்கற காரியம்லாம் நாள் பாத்துச் செய்யணும்" என்றார்.

யூதனுடைய மாதம், யூதனுடைய விதி, யூதனுடைய மூன்று சாட்சி எல்லாம் இருந்தவருக்குச் சுவர் என்றதும் நம்முடைய அஷ்டமி ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். ஏழெட்டுப் போடு போட்டிருப்பாள். அப்புறம் அண்ணன் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். அடிச்சுவர் உள்ளே விழுந்தபோது மன்னிப்புக் கேட்க வந்தவர் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மனுவும் கொடுத்தார். தன் பட்டா நிலத்தில் அத்துமீறி நுழைந்து சுற்றுச்சுவரைச் சேதப்படுத்தியதாக அண்ணன் பேரிலும் அண்ணி பேரிலும். அண்ணன் இரண்டு நாள் தூங்கவில்லை. ஸ்டேஷன் வாசலே மிதித்தறியாதவன். ஆனால் நிலத் தகராறு என்று வந்தால் முதலில் அளக்கவேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்தார். புலப்படத்தைப் பிரித்து, சங்கிலி போட்டு அளந்தார். வடிகால் முழுக்க அரசுப் புறம்போக்கு. சுவர் மட்டுமில்லை, கார் நிறுத்துகிற இடத்தில் பதினான்கு அடியும் புறம்போக்கில் இருந்தது. எங்களுக்கே அது தெரியாது. யாரும் கேட்காத வரையில் யாரும் அளந்திருக்கமாட்டார்கள். கேட்டவர் அவர்தான்.

தாசில்தார் ஆபீசில் விசாரணைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன்வரிசை நாற்காலிக்குப் பழகிய மனிதர், ஒரு மணி நேரம் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எழுந்து இடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவானது. புரட்டாசி முடிவதற்குள் வடிகால் திறந்துவிட்டது. அந்த வருஷம் மழை ஒன்பது நாள் பெய்தது. ராத்திரி விழித்திருக்க வேலையில்லை. தண்ணீர் அது பாட்டுக்குப் போயிற்று. தையில் அறுத்தோம்.

மூன்று பெரியவர்களில் ஒருவராவது அண்ணியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. குழாயடிப் பெண்கள் ஒன்றும் நடக்காதது மாதிரி, "நெல்லு என்ன ரகம் போட்டீங்க?" என்று கேட்டார்கள். அண்ணியும் ரகத்தைச் சொன்னாள்.

அதற்கடுத்த ஆவணியில் அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் நானும் அண்ணியும் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். மத்தியான வெயில். எங்களைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். மெலிந்திருந்தார். மகனோடு சென்னையில் இருக்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு. நெஞ்சில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

"வருஷம் பொறக்குது. மனசுல எதையும் வச்சுக்கக் கூடாது. நீ எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிட்டேன்மா" என்றார் அண்ணியிடம்.

அண்ணி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எதுக்குங்க?"

அவர் தயங்கவில்லை. விரலை மடக்கினார். "என் சுவத்தக் கடப்பாரையால இடிச்சது. மூணு பெரிய மனுஷங்க முன்னாடி என்ன வச்சுக் கேள்வி கேட்டது. கடப்பாரைய என் கைல குடுத்தது. உன் புருஷனயும் எனக்கு எதிரா திருப்பினது. தாசில்தார் ஆபீஸ்ல நான் ஒரு மணி நேரம் நின்னப்ப நீ என்னப் பாத்துச் சிரிச்சது."

ஐந்து விரலும் மடங்கிவிட்டது. ஆண்டுக்கணக்காக வாசல் வாசலாக நின்று ஒரு தப்பைக்கூடப் பேர் சொல்லிச் சொல்லத் தெரியாத மனிதர், கமா புள்ளி விடாமல் சொன்னார்.

அண்ணி, "மொத நாலும் திரும்பச் செய்யணும்னா செய்வேன். கடைசியாச் சொன்னீங்களே, அது நெசந்தான். நீங்க கால் மாத்தி மாத்தி நின்னீங்க. நான் பாத்துச் சிரிச்சேன். வயசான மனுஷர், நான் எந்திரிச்சு இடம் குடுத்திருக்கணும். அது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்களைத் தவிர அங்கே யாரும் கவனிக்கவில்லை. மன்னிச்சிட்டேன் என்று எடுத்த எடுப்பில் தானாகச் சொன்ன மனிதர், கேட்டபோது சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணிக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவளுக்கு அது முடிந்துபோன விஷயம். அந்த ஆபீசில் அவள் ஒரு தடவைதான் சிரித்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அந்த ஒரு மணி நேரமும் சிரித்தேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் சிரிப்புத்தான் வருகிறது.